தண்ணீர் வேண்டாம் என்று யார் சொல்வது?

போன மாதக் கடைசியில் ஒரு காலை. கொல்லங்கோட்டில் என் மொபைல் ரிப்பேர் கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். போன் அடித்தது. முதலமடையிலிருந்து மயிலாத்தா அக்கா.

"ஏனுங்க தம்பி... நம்ம தோட்டத்துல மயிலு கூட்டமா வந்து நிக்குதுங்க."

மயில் வந்தால் என்னை எதற்குக் கூப்பிட வேண்டும்? கேட்டேவிட்டேன்.

"தண்ணி குடிக்க நிக்குதுங்க! மரத்தடியெல்லாம் சொதசொதன்னு கெடக்குது. எங்க ஊட்டுக்காரரு மூஞ்சியப் பாக்க முடியல. சட்டுனு வாங்க."

ஷட்டரை மறுபடி இறக்கினேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மற்ற ஊர்களில் தண்ணீர் வரவில்லை என்றால் பதறுவார்கள். முதலமடையில், இந்தப் பருவத்தில், தண்ணீர் வந்தால் பதறுவார்கள். மழை ஓய்ந்ததும் மாமரத்தைக் காயப்போட வேண்டும். தாகத்தில் கிடந்தால்தான் மரம் பூவெடுக்கும். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் காட்டினால், பூவை மறந்துவிட்டுத் தளிர் விட ஆரம்பித்துவிடும். செம்பு நிறத் தளிர்... பார்க்க அழகுதான். அழகைப் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்ற முடியுமா? அந்த வருஷக் காய்ப்பு போயே போச்சு.

வழி நெடுக வண்டியை விரட்டினேன். ஏனென்றால் அந்தத் தோட்டத்துச் சொட்டுநீர் வால்வைத் திறந்து மூடுகிற பெட்டிக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தது நான்தான். காலேஜ் பக்கம் போகாதவன், யூட்யூப் பார்த்தே புரோகிராம் கற்றவன் என்று இதே பத்திரிகைப் பத்தியில் எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்! பீற்றியதையெல்லாம் வாபஸ் வாங்க வேண்டி வருமோ?

போய்ச் சேர்ந்தால், மயிலாத்தா அக்காவின் வீட்டுக்காரர் பொன்னுசாமி அண்ணன் வால்வைக் கையாலேயே மூடிவிட்டு, அதன் பிடியை விடாமல் நின்றுகொண்டிருக்கிறார்.

"கைய எடுத்தா மறுக்காத் தொறந்துக்குமோன்னு பயமா இருக்குதுங்க தம்பி."

"எத்தன நாளா ஓடுதுங்கண்ணா?"

"அது தெரிஞ்சாத்தான் பரவால்லையே. சொந்தத்துல ஒரு கண்ணாலம். இந்தப் பக்கம் நான் வரவே இல்லீங்க."

அக்கா விடவில்லை. "கண்ணாலத்துக்குப் போனாரு, புதுப் போனுல போட்டோவாப் புடிச்சாரு. விரதத்துல இருந்த மரத்துக்கு இங்க விருந்து நடந்திருக்குது!"

மற்ற நாளாக இருந்தால் இந்தப் பேச்சை அப்படியே குறித்துக்கொண்டிருப்பேன். அன்று என் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை. புதுப் போனா?

இங்கே கொஞ்சம் டெக்னிக்கல் பேச வேண்டும். ஓடிவிடாதீர்கள்.

சொட்டுநீர்ப் பெட்டிகளுக்கென்றே யாரோ ஒரு புண்ணியவான் ஒரு லைப்ரரி எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். லைப்ரரி என்றால் புத்தகம் இருக்கும் இடமல்ல... ஒருவர் எழுதிவைத்த புரோகிராம் துண்டுகளை நாம் எடுத்துப் பயன்படுத்துவது. அதில் ஒவ்வொரு செட்டிங்கும் அடுக்கடுக்காக இருக்கும். அடியில் லைப்ரரியோடு கூடவே வந்த டீஃபால்ட். அதற்கு மேல் தோட்டத்துக்கென்று நாம் எழுதும் ஃபைல். எல்லாவற்றுக்கும் மேலே போன் ஆப்பில் போடுகிற கட்டளை.

மூன்று பேர் இருக்கிற வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பவர் பேசினால் மற்ற இருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர் பேசாவிட்டால் அடுத்தவர் பேசுவார். அவரும் பேசாவிட்டால்... அடியில் இருப்பவர்.

மோட்டார் ரூமில் லேப்டாப்பைத் திறந்தேன். 'இப்போது தண்ணீர் விடச் சொன்னது யார்?' என்று அந்த லைப்ரரியையே கேட்கலாம். கேட்டேன். போன் அடுக்கு காலி. போனை மாற்றியபோது பழைய ஆப்போடு அதில் இருந்த கட்டளையும் போய்விட்டது. பேசிக்கொண்டிருந்தது அதற்கு அடுத்த அடுக்கு, ஃபைல். அதில் ஒரு வரி: தினமும் காலையில் தண்ணீர். பக்கத்தில் பெயர் - நாச்சிமுத்து.

பொன்னுசாமி அண்ணனுக்கு மூத்தவர், கூடப்பிறந்தவர். தோட்டம் இன்னும் பிரிக்காத பொதுத் தோட்டம். மூட்டு ஆபரேஷன் முடிந்து இப்போது கோயமுத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன சீசனில் பிஞ்சு பருக்கும்போது அவர் சொல்லச் சொல்ல, என் கையாலேயே எழுதிய வரி அது.

"அண்ணா, மழை நின்னதும் தண்ணிய நிறுத்துனீங்களே... அப்ப இந்த வரிய அழிக்கச் சொல்லலையே?"

பொன்னுசாமி அண்ணன் தரையைப் பார்த்தார். "அண்ணன் போட்டதுங்க. அவிய போட்டத நான் எப்படிங்க அழிக்கச் சொல்றது? அதான் அதுக்கு மேலாக்க, போனுல 'நிறுத்து'ன்னு போட்டுட்டேன். நல்லாத்தான இருந்துச்சு..."

அந்த வீட்டு வழக்கம் அப்படித்தான். மூத்தவர் சொன்னதை யாரும் மறுக்க மாட்டார்கள். 'ஆகட்டுங்க' என்பார்கள். அப்புறம் அதற்கு மேலேயே தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொள்வார்கள். தோட்டத்து கேட்டில் அண்ணன் வாங்கிய துருப்பிடித்த பூட்டு வாயைத் திறந்தபடி தொங்கும். பக்கத்திலேயே தம்பி வாங்கிய பூட்டு பூட்டியிருக்கும். பழையதைக் கழற்ற ஒருவருக்கும் கை வராது.

இது மரியாதை. குறை சொல்ல நான் யார்? எல்லார் வீட்டிலும் இது உண்டுதானே... ஆனால் பெட்டிக்கு இந்த நாசூக்கெல்லாம் தெரியுமா? மேலே போர்த்தியது விலகியது. அடியில் இருந்த அண்ணன் எழுந்து, பிஞ்சுக்குச் சொன்னதைப் பூவுக்கு முன்னால் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வீடியோ கால். நாச்சிமுத்து அண்ணனேதான். தினமும் காலையில் தோட்டத்தைப் போனில் பார்த்தால்தான் அவருக்கு டீ இறங்கும்; நடுவில் கல்யாணத்தால்தான் அது விட்டுப்போயிருந்தது.

"எடுக்காத புள்ள!" என்று பொன்னுசாமி அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் அக்கா எடுத்துவிட்டார்.

"மாமா, நீங்க சொன்ன தண்ணி இன்னும் தோட்டத்துல ஓடிட்டு இருக்குதுங்க."

"என்ன தண்ணி?"

அக்கா ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தப் பக்கம் போன் ஆடியது. முகம் போய் நெற்றி மட்டும் தெரிந்தது.

"அடேய் பொன்னு! பிஞ்சுக்குச் சொன்ன தண்ணிய இன்னுமா வெச்சிருக்கிற?"

"அண்ணா, நீங்க போட்டதுன்னு..."

"நான் போட்டா எடுக்கக் கூடாதா? உனக்கு மருமகன் வந்தாச்சு, இன்னும் என்னையப் பாத்துப் பயப்படறயா?"

"பயமில்லீங்க. உங்ககிட்டச் சொல்லாம எப்படின்னு..."

"அப்பச் சொல்லிப்போட்டு எடு! தம்பி, அங்க இருக்கறியா? அழிச்சு வுடு அத!"

அழிக்க விரல் வைத்துவிட்டேன். அங்கேயே நின்றது விரல்.

அழித்தால் என்ன ஆகும்? ஃபைல் வாய் மூடும். போனோ ஏற்கெனவே காலி. அப்புறம் பேசப்போவது அடியில் இருக்கிற டீஃபால்ட். அது காய்கறித் தோட்டத்தை மனதில் வைத்து எழுதியது - மண் காய்ந்தால் உடனே தண்ணீர் விடு! நாம் மரத்தைக் காயப்போடுகிறோம். மண் காயக் காய, அது விழுந்து விழுந்து உபசரிக்கும். இன்று வால்வை மூடிய நிம்மதியில் எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்போம்...

விரலை எடுத்தேன். நாம் பேசாமல் இருந்தால் 'வேண்டாம்' என்றுதானே அர்த்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். பேசாமல் இருந்தால், வேறு யாரோ பேசுகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

"அழிச்சா ஆகாதுங்கண்ணா," என்றேன். "நீங்க வாய மூடுனா, உங்களுக்கும் கீழ ஒருத்தன் இருக்கான். அவன் தண்ணி விடுன்னு சொல்லுவான்."

"எவன் அவன்?"

"யாருன்னு எனக்கே தெரியாதுங்க. லைப்ரரி எழுதுனவரு. எந்த ஊரோ, எந்த நாடோ."

"ஊரு பேரு தெரியாதவன் நம்ம தோட்டத்துக்குத் தண்ணி விடறதா? எழுது தம்பி. என் பேருலயே எழுது. தண்ணி வேண்டாம்னு."

அந்த வரியை மாற்றி அப்படியே எழுதினேன். போன் ஆப்பை எடுத்துவிட்டும் பார்த்தேன், பெட்டியை அணைத்துப் போட்டும் பார்த்தேன். வால்வு மூடியே இருந்தது. பொன்னுசாமி அண்ணன் அப்போதுதான் கையை எடுத்தார். உள்ளங்கையில் பிடியின் அச்சு பதிந்திருந்தது.

பெட்டி சரியாகிவிட்டது. மரம்?

மாங்கொம்பின் நுனியில் மொட்டு புடைக்கும்போது, உள்ளே இருப்பது பூவா தளிரா என்று வெளியே தெரியாது. விரியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த நாட்களில் கடையில் எந்த வேலையும் ஓடவில்லை. அங்கே போனால் அண்ணன் ஒவ்வொரு கொம்பாக வளைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்துத் தோட்டத்தில் பூ வெடித்துவிட்டது. இங்கே ஒன்றும் காணோம். "நம்ம மரம் யோசிச்சு முடிக்கலையாட்ட இருக்குது," என்றார் அக்கா. சிரிக்க முயன்றோம்... வரவில்லை.

நான்கு நாளைக்கு முன்னால் விரிந்தது.

முக்கால்வாசி மரங்களில் பூ. தண்ணீர் அதிகம் பாய்ந்த, வால்வை ஒட்டிய வரிசைகளில் மட்டும், கிளை கொள்ளாத தளிர். அந்த வரிசைகளை அண்ணன் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க மாட்டாரென்று தெரிந்து, அக்காவும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

நேற்று நான் அவர்கள் வீட்டில் இருக்கும்போதே கோயமுத்தூர் கால் வந்தது. பூவைப் பார்த்த குஷியில் மூத்தவர், "இனி லேசாத் தண்ணி காட்டலாமல்லோ பொன்னு?" என்றார்.

பொன்னுசாமி அண்ணனின் வாய் 'ஆகட்டுங்க'வுக்குத் தயாரானதை என் கண்ணால் பார்த்தேன். அக்கா கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றார்.

"இல்லீங்கண்ணா," என்றார் மெதுவாக. "பூவு கொட்டிப் போயிரும். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வரட்டும். இப்ப வேண்டாமுங்க."

அந்தப் பக்கம் மறுபடி நெற்றி மட்டும் தெரிந்தது.

"செரி," என்றார் மூத்தவர் கடைசியில். "அப்ப அதையும் பொட்டியில எழுதி வெச்சிரு. பொன்னு சொன்னான்னு."

எழுதிவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி அடியில் யாருடைய பேச்சாவது கிடக்கலாம். மேலே போர்த்தியதைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள் - மோட்டாரை ஆஃப் பண்ணிவிட்டு.