மழை கொட்டுகிறது, வாய்க்கால் ஓடவில்லை

என் வீட்டுக்காரர் அந்தப் பாதாளத்தில் ஒன்பது தடவை செத்தார். ஒன்பதும் நான் எழுதிய ஒரே வரியால். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. அவரைக் கொல்லத்தான் அந்த வரியை எழுதினேன்.

பயப்பட வேண்டாம், பாதாளம் என்றால் கம்ப்யூட்டர் விளையாட்டு. ஒரு வீரன் தனியாக நிலவறைக்குள் இறங்குவான். ஒரு தளம் முடிந்தால் அதற்குக் கீழே இன்னொரு தளம். செத்தால் மறுபடி முதல் தளம். நான் இந்த வகை விளையாட்டைப் பழகியது கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில். நான் அங்கே கணக்கெழுதும் கிராணி. ஆபீசில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. கறுப்புத் திரை, புள்ளிகள் தரை, கோடுகள் சுவர், நகர்கிற எழுத்து பூதம். படமும் கிடையாது, பாட்டும் கிடையாது. ஆனால் திரையின் மேலே அவ்வப்போது ஒரு வரி வரும். எங்கோ சாவிக்கொத்து குலுங்குகிறது என்று வரும். அவ்வளவுதான். சாவி இருந்தால் பூட்டு இருக்கும், பூட்டு இருந்தால் உள்ளே பொருள் இருக்கும், சாவி வைத்திருப்பவன் கையில் கத்தியும் இருக்கும். புதையலையும் ஆபத்தையும் ஒரே வரியில் சொல்லிவிட்டுத் திரை சும்மா இருக்கும். அந்த வரிகளுக்காக எத்தனையோ மத்தியானம் சோற்றை ஆறவிட்டிருக்கிறேன்.

ஈப்போவில் இருக்கும் என் சித்தி மகள் தமிழில் இப்படி ஒரு விளையாட்டு செய்ய ஆரம்பித்தாள். துப்பு வரிகளை மட்டும் எழுதித் தர முடியுமா அக்கா என்று கேட்டாள். அதற்கு முன் யாரோ எழுதிக் கொடுத்ததையும் அனுப்பியிருந்தாள். மர்மமான காற்று வீசுகிறது, இங்கே அபாயம் காத்திருக்கிறது என்று பக்கம் பக்கமாக இருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அபாயம் காத்திருந்தால் அதை அபாயமே வந்து சொல்லிவிட்டுப் போகுமா? ஆபத்து வரும்போது ஏதோ ஒன்று குறையும். எப்போதும் குரைக்கிற நாய் குரைக்காது. புதையல் இருந்தால் ஏதோ ஒன்று கூடுதலாக இருக்கும். இதை நான் எந்தப் படிப்பும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மலையில் குடியிருக்கிற யாருக்கும் இது தெரியும்.

எழுத உட்கார்ந்தேன். ‘எங்கோ ஒரு கோழி கேறுகிறது’ என்று எழுதினேன். முட்டை இட்ட கோழிதான் அப்படிக் கத்தும், தேடிப் போனால் அந்தத் தளத்தில் பெட்டி இருக்கும். ‘அடுப்புச் சாம்பல் இன்னும் சூடாக இருக்கிறது’ என்று எழுதினேன். ஆள் இப்போதுதான் வெளியே போயிருக்கிறான், திரும்பி வருவான், அதற்குள் எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். இரண்டு வாரத்தில் நாற்பது வரி எழுதினேன். ஒன்றுகூடச் சோடை போகவில்லை என்று நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

அந்த நாற்பதில் ஒன்று மட்டும் என் வீட்டுக்காரருக்காக எழுதியது.

எங்கள் லைன் வீடுகள் ஆறும் ஒரு சரிவின் அடியில் இருக்கின்றன. வீடுகளுக்குப் பின்னால் வாய்க்கால், அதற்கு மேலே தேயிலை, அதற்கும் மேலே யாரோ போட்ட காய்கறித் தோட்டம். பெரிய மழையில் அங்கேயிருந்து பிளாஸ்டிக் விரிப்பும் முட்டைக்கோஸ் இலையும் இறங்கி வந்து வாய்க்காலை அடைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்த தண்ணீரின் சத்தம் நின்றுவிடும். அடுத்து அந்தத் தண்ணீர் வேறு வழி தேடி அடுப்படிக்குள் வரும். அதனால் சத்தம் நின்றது முதலில் எந்த வீட்டு ஆணின் காதில் படுகிறதோ, அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறி அடைப்பை எடுக்க வேண்டும். யாரும் உட்கார்ந்து பேசி வைத்த சட்டமில்லை. ஆனால் ஏறாதவனைக் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார்கள்.

என் அப்பா அப்படித்தான் ஒரு மழையில் ஏறினார். அன்று வாய்க்காலை அடைத்திருந்தது குப்பை இல்லை. மேலே மண் வெடித்து, தண்ணீரெல்லாம் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சரிவு அப்படியே வந்தது. மறுநாள் மத்தியானம்தான் அப்பாவை எடுத்தார்கள். எடுத்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

அதே மனிதர் அடுத்த மழைக்கு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். அதற்கு அடுத்த மழைக்கும் போனார். அழுது பார்த்தேன், கத்திப் பார்த்தேன், இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். மண்வெட்டியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன், பக்கத்து வீட்டில் வாங்கிக்கொண்டு போனார். எதற்கும் ஒரே பதில்தான். “நான் பாத்துப் போவேன்லா.” அப்பாவும் பார்த்துத்தான் போனார். வீட்டுக்காரர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் நான் பின்வாசலை விட்டு நகர மாட்டேன்.

பெண்டாட்டி பேச்சைக் கேட்காத அந்த மனிதர் விளையாட்டு என்றால் வாயைப் பிளந்துகொண்டு உட்காருவார். பகல் முழுக்கத் தேயிலை வெட்டும் மெஷினைப் பிடித்துவிட்டு வந்து, குளித்து, லேப்டாப்பைத் திறந்தால் கூப்பிட்டாலும் காது கேட்காது. தங்கச்சி செய்த விளையாட்டைச் சோதித்துப் பார்க்க அவரும் ஓர் ஆள். அதனால்தான் ஏழாவது தளத்துக்கு அந்த வரியை எழுதினேன்: ‘மழை கொட்டுகிறது. வாய்க்கால் ஓடவில்லை.’ அந்த வாய்க்காலை ஒட்டி மேலே போனால் கூரை இடிந்து விழும். ஆள் காலி.

முதலில் டவுனில் இருக்கும் தங்கச்சியின் கூட்டாளிகள் விளையாடினார்கள். எல்லாரும் ஏழாவது தளத்தில் செத்தார்கள். மழை பெய்கிறது, தண்ணீர் இல்லை, அதற்கென்ன, இதெல்லாம் ஒரு துப்பா, ஏமாற்று வேலை என்று எழுதி அனுப்பினார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கண் இருந்தும் பார்க்கத் தெரியாதவர்களுக்காக என் வரியை மாற்ற மாட்டேன் என்று போனில் கத்தினேன். தங்கச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“ஓடுன வாய்க்கால பாத்தவங்களுக்குத்தான்கா நின்ன வாய்க்கால் தெரியும்.”

சுருக்கென்றது. சரியாகச் சொன்னவளிடம் சண்டை போட்டுப் பயனில்லை. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது தளங்களில் மழை பெய்யவிட்டு, வாய்க்காலைச் சலசலவென்று ஓடவிட்டேன். அதன் பிறகு டவுன் ஆட்கள் ஏழாவது தளத்துக்கு வந்ததும் நின்றார்கள். சிலர் ஒரு தடவை செத்துக் கற்றுக்கொண்டார்கள், சிலர் சாகாமலே கற்றுக்கொண்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் செத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அந்த மூன்று தளங்கள் தேவையே இல்லை. வரியைப் படித்ததுமே அடைச்சிக்கிச்சு என்பார். வீரனின் பையில் ஒரு மண்வெட்டி உண்டு, சுவர் இடிப்பதற்காகத் தங்கச்சி வைத்தது. வாளை வைத்துவிட்டு அதை எடுப்பார், நேரே மேலே போவார். கூரை இடியும். மலையையே பார்க்காதவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். மலையில் பிறந்த மனிதர் மட்டும் கடமை தவறாமல் போய்ப் போய்ச் செத்தார். ஒன்பதாவது தடவை லேப்டாப்பைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் என்ன புதையலுக்கா போனேன்? அடைப்பு எடுக்கத்தானே போனேன். அதுக்குப் போய் சாவடிக்கிறியே, இது என்ன நியாயம்?”

“நீங்க எதுக்கு வந்தீங்கன்னு மண்ணுக்குத் தெரியுமா?”

அவர் வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்து தங்கச்சிக்குப் போன் போட்டு என்னைப் பற்றிப் புகார் சொன்னார். அவள் உடனே என்னைக் கூப்பிட்டாள். அத்தான் சொல்வதும் நியாயம்தானே அக்கா, மண்வெட்டியோடு போனால் அடைப்பு நீங்கி அங்கே ஒரு பெட்டி கிடைக்கட்டுமே என்றாள். அந்த மண்வெட்டிக்கு நீ ஒரு செப்புக்காசு பரிசு கொடுத்தாலும் நாற்பது வரியையும் திருப்பி வாங்கிக்கொள்வேன் என்றேன். ஏன்கா இவ்வளவு கோபம் என்று கேட்டாள். அப்போதுதான் அது அப்பா ஏறிய வாய்க்கால் என்று சொன்னேன். என் அப்பா அவளுக்குப் பெரியப்பா. சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிங்காப் வரைக்கும் பூத்தோட்டம் பார்க்க நடந்தவர்.

“பெரியப்பாவாக்கா அந்த வரி?” என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “போகாதேன்னு மட்டும் சொன்னா அத்தான் எங்கக்கா போவாரு? சும்மா உக்கார முடியுமா அவரால? அவருக்கு வேற ஒரு வேலய குடு” என்றாள்.

நான் எழுதியதிலேயே பெரிய ஓட்டையை அவள் கண்டுபிடித்துவிட்டாள். அத்தனை வருடமும் நான் அவரிடம் போகாதீர்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன், வேறு எங்கே போவது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அன்று சாயங்காலமே அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன்: ‘எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகின்றன.’ எறும்பு போகிற திசையில் போனால் ஒரு கூடத்தில் ஆட்கள் தூங்குவார்கள். அவர்களை எழுப்பி வெளியே கூட்டிப் போனால் அந்த விளையாட்டிலேயே பெரிய புதையல் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் கூரை இடிய வேண்டாம், சில முறை இடியட்டும், சில முறை இடியாமல் இருக்கட்டும் என்றும் சொன்னேன். அப்படியென்றால் துப்பு பொய்யாகிவிடுமே என்றாள். துப்பு நடக்கப் போவதைச் சொல்வதில்லை, நடக்கக்கூடியதைச் சொல்கிறது என்றேன். ஒத்துக்கொண்டாள்.

பத்தாவது முறை என் வீட்டுக்காரர் இரண்டு வரியையும் படித்தார். மண்வெட்டியை எடுத்தார். கொஞ்ச நேரம் விசையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எறும்பின் பின்னால் போனார். புதையல் கிடைத்ததை மறுநாள் பெரட்டில் எல்லாரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டார். எறும்பு வரி எழுதியவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது வேறு கதை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு கோலா தெர்லா பக்கமிருந்து மழை ஏறி வந்தது. ஒரு மணி நேரம் விடாமல் கொட்டியது. நாங்கள் அடுப்படியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். பின்னால் வாய்க்கால் இரைந்துகொண்டிருந்தது. திடீரென்று இரைச்சல் நின்றது. கூரையில் மட்டும் மழை.

அவருக்குத்தான் முதலில் கேட்டது. கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். கதவுக்குப் பின்னால் இருந்த மண்வெட்டியை எடுத்தார். இத்தனை வருடம் பேசிய பேச்சில் ஒரு சொல்கூட ஞாபகம் வரவில்லை. அவர் வாசல்படியில் நின்று காலியான வாய்க்காலைப் பார்த்தார், மேலே சரிவைப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

“எறும்பு எந்தப் பக்கம் போகுது?” என்றார்.

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு மழைக்குள் இறங்கி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். மீதி நாலு வீட்டையும் தட்டினார். வரமாட்டேன் என்றவர்களைத் திட்டி, நடக்க முடியாத ஒருவரை முதுகில் தூக்கி, எல்லாரையும் எதிர்மேட்டில் இருக்கும் கோயில் மண்டபத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார். அவர் அத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

சரிவு வரவில்லை. இருட்டுவதற்குள் மழை விட்டது. மறுநாள் விடிந்ததும் நாலு பேர் மேலே போய்ப் பார்த்து, ஒரு பிளாஸ்டிக் விரிப்பையும் ஒரு கூடை இலையையும் இழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். பெரட்டில் அவரை விடவில்லை. ஒரு பிளாஸ்டிக்குக்குப் பயந்து ஆறு வீட்டைக் கிளப்பிய வீரன் என்று கங்காணியே சிரித்தார். வீடுகளில் தண்ணீர் புகுந்து நனைந்த அரிசிக்கு யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்டார். நான் ஆபீஸ் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவமானத்தில் அடுத்த மழைக்கு ஏறிவிடுவாரோ என்று பயந்தேன்.

“பிளாஸ்டிக்தான்னு இன்னிக்குத்தானே தெரியும்” என்றார் அவர். “நேத்து யாருக்குத் தெரியும்? என் மாமனாருக்குத் தெரிஞ்சுதா?”

யாரும் சிரிக்கவில்லை. அவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு அழுதேன், நன்றாக, திருப்தியாக அழுதேன்.

அப்பாவை எடுத்த அன்று அப்பா கொண்டுபோன மண்வெட்டி எவ்வளவு தோண்டியும் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரருடைய மண்வெட்டி என் கதவோரத்தில் மண் படாமல் நிற்கிறது.