ஒரு முட்டியும் ஒன்றரைக் கோடியும்

பந்து என் காலில் இல்லை. யாரும் என்னை இடிக்கவும் இல்லை. டெல்லியில் எங்கள் கிளப்பின் மைதானத்தில், பயிற்சியின்போது, ஓடிக்கொண்டே இடப்பக்கம் திரும்பினேன். வலது முட்டிக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம். விழுந்தேன், எழுந்து நடந்தேன். வலி பெரிதாக இல்லாததால் சுளுக்கு என்றே நினைத்தேன். உங்களுக்கும் அப்படியொரு சத்தம் கேட்டிருந்தால் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்.

மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முட்டி இடம்விட்டு நழுவியது. ஏசிஎல் (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் பிடித்து வைத்திருக்கும் நார்) முழுதாக அறுந்திருப்பதாக ஸ்கேன் காட்டியது.

டாக்டர் இந்தியில் சொன்னார்: "தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்து இங்கே பொருத்துவேன். அது உறுதியாக நாளாகும். ஒரு வருடம் பந்தை மறந்துவிடு."

"மறந்தால் சாப்பாடு?" என்றேன்.

"மறக்காவிட்டால் முட்டி போய்விடும்" என்றார்.

நான் தொழில்முறைக் கால்பந்து வீராங்கனை. எங்களுக்குச் சம்பளம் போட்டிகள் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். மற்ற மாதங்களில் பள்ளிகளில் பயிற்சி தந்து சமாளிப்பேன். அறுவை சிகிச்சைச் செலவைக் கிளப் ஏற்றது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது அம்மா வந்தாள். ஜங்புராவில் வீட்டு வேலை செய்பவள். கள்ளக்குறிச்சிப் பேச்சு இன்னும் மாறவில்லை.

"மேடம் போன்ல காட்னாங்கடி. இன்டர்நெட்டுல உன்னப் பத்திப் போட்டுருக்கு. வருசத்துக்கு ஒன்னர கோடி சம்பாரிக்கிறியாம். எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?"

யாரோ முகம் தெரியாதவர் 'உத்தேச வருமானம்' என்று எழுதிவைத்தது. சிரித்ததில் தையல் போட்ட இடம் சுண்டி இழுத்தது. அம்மாவும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அந்த வீட்டில் சம்பளம் கூட்டிக் கேட்க நினைத்திருந்தவளால் அதற்குப் பிறகு வாய் திறக்க முடியவில்லை என்பதைப் பல மாதங்கள் கழித்துத்தான் சொன்னாள்.

அதன்பின் பிசியோதெரபி (உடற்பயிற்சி வழியே தசைகளை மீட்கும் சிகிச்சை). தொடையை இறுக்கு என்று மனம் சொல்லும், தொடை கேட்காது. காலை நேராக நீட்டவே அழுதிருக்கிறேன்.

வலி போய், மெதுவாக ஓடத் தொடங்கிய சமயத்தில் வேறொரு கிளப் தேர்வுக்கு அழைத்தது. பிசியோதெரபிஸ்ட் மீனா ஒற்றைக்காலில் தாவிக் காட்டச் சொன்னாள். இடது கால் தாண்டிய தூரத்தில் பாதியைக்கூட வலது கால் தாண்டவில்லை.

"போகட்டுமாம்மா?" என்று அன்றிரவு அம்மாவிடம் கேட்டேன்.

"போனா போவுது, உடு. அடுத்த வருசம் வேற எவனாச்சும் கூப்புடுவான். முட்டிய எவன் வாங்கித் தருவான்? ஜல்தி ஒன்னும் இல்ல."

போகவில்லை.

அடுத்த வருடம் நிஜமாகவே ஒரு கிளப் கூப்பிட்டது. பழைய சம்பளத்தைவிடக் குறைவு, கையெழுத்துப் போட்டேன். முதல் ஆட்டத்தில் கடைசிச் சில நிமிடங்கள் இறக்கினார்கள். எதிரணிப் பெண் காலைத் தட்டிவிட்டாள். விழுந்தேன். எங்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் அவர்களுக்கு முன்பே எழுந்திருந்தேன்.

முன்பு ஆடும்போது கால் என்று ஒன்று இருப்பதே நினைவில் இராது. இப்போது தினமும் காலையில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, முட்டியை மடக்கி நீட்டி, இறுக்கம் தளரும்வரை காத்திருக்கிறேன். டெல்லிக் குளிரில் கூடுதல் நேரம் பிடிக்கிறது. பிடிக்கட்டும். அது சம்மதித்த பிறகு ஓடப் போகிறேன்.