பங்குபோட முடியாத எஞ்சின்

செவிலிமேட்டு டேனியலுக்குப் பிறந்ததிலிருந்தே எதுவும் முழுசாகக் கிடைத்ததில்லை. ஏழு பிள்ளைகளில் கடைசி. முட்டையில் கால், பாயில் ஓரம், அண்ணன் போட்டுக் கழித்த சட்டை. வாலாஜாபாத் அரிசி ஆலையில் வேலை பார்த்தபோது கட்டில்கூட முறைவைத்துத்தான். ஒருவர் எழுந்தால் இன்னொருவர் படுக்கலாம். பிறகு சொந்தமாக வண்டி வாங்கினார். அதுவும் ஷேர் ஆட்டோ.

போன மழைக்காலத்தில் இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து போனில் எஞ்சின் நம்பர் கேட்டார்கள். வண்டியை ஓரங்கட்டி உரக்க வாசித்தார்: 73939133. பின்சீட்டில் இருந்த சுகாசினி, கல்லூரியில் கணக்கு நடத்துகிறவர், இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்ததும் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார்.

ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாத எண் அது, பகா எண் என்றார். கடைசி இலக்கத்தை அழித்தால் மிஞ்சும் 7393913உம் பகா எண். அதிலும் கடைசியை அழித்தால் 739391, அதுவும்தான். பிறகு 73939, 7393, 739, 73, வெறும் 7 வரைக்கும் அப்படியே. இந்தக் குணமுள்ள எண்களில் இதுதான் பெரியது. இதற்கு மேல் கிடையாது.

"பங்கே போட முடியாதா, டீச்சர்?"

"முடியாதுண்ணா. எவ்ளோ வெட்டினாலும் முடியாது."

டேனியலுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட எஞ்சினை இத்தனை நாள் கண்டபடி ஓட்டியிருக்கிறோமே என்று வருந்தினார். மறுநாள் முதல் ஏறுகிறவர்களும் பகா எண்ணாக இருக்க வேண்டும்; இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு பேர் என்றால்தான் வண்டி கிளம்பும். ஐயம்பேட்டையில் நெசவுக்காரர் சிவராஜ் முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று குடும்பத்தோடு நான்கு பேராக நின்றார். ஒருவர் குறைய வேண்டும், இல்லை ஒருவர் கூட வேண்டும் என்றார் டேனியல். சிவராஜ் கத்திப் பார்த்துவிட்டு மச்சானை இறக்கிவிட்டுப் போனார். மச்சான் அன்றிலிருந்து அவர் வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை.

தை மாதம் ஒரு காலை, டேனியலின் மனைவி மரியம்மாள் வாலாஜாபாத்தில் அம்மா வீட்டுக்குப் போக ஏறி உட்கார்ந்தாள். வேறு ஆள் இல்லை. டேனியல் சாவியைத் திருப்பவில்லை.

"ஒண்ணு பகா எண்ணு இல்லமா. டீச்சரே சொல்லிக்கீது."

மரியம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். "அப்போ ஓட்டிக்கினு வர்றது யாரு? உன்னையும் சேத்து எண்ணு."

இரண்டு. டேனியல் சந்தோஷமாகக் கிளம்பினார். பாதி வழியில் முகம் வெளுத்துவிட்டது. தன்னையும் சேர்த்தால் மூன்று பேரை ஏற்றியதெல்லாம் நான்கு. ஐந்து பேர் ஆறு. ஏழு பேர் எட்டு. இத்தனை மாதமும் பெரும்பாலும் தப்பு. ஐயம்பேட்டையில் நிறுத்தி இரண்டு சோடா குடித்தார்.

அன்று முதல் கணக்கு மாறியது. நான்கு பேருக்கு ராஜமரியாதை. மூன்று பேர் என்றால் கும்பிடு போட்டு இறக்கிவிடுவார். அந்த வாரமே சுகாசினி, தன்னுடன் வேலை பார்க்கும் இருவரோடு வந்து ஏறினார். டேனியல் தலையைச் சொறிந்துகொண்டு, தன்னோடு சேர்த்தால் நாலு ஆகிறதே என்றார்.

சுகாசினி வாதாட வாயைத் திறந்தார். யோசித்துப் பார்த்தால் கணக்கில் பிழையில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல். முதல் வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கீழே குதித்து, பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவரின் கையைப் பிடித்து வண்டிக்குள் ஏற்றினார். பெரியவர் பால் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாலாஜாபாத் வரை வந்தார். எதற்கு என்று கடைசிவரை கேட்கவேயில்லை.