பத்தாம் நம்பர்… யெஸ் சார்!

இது நடந்தது. விலையை ஏற்றிச் சொல்லிவிட்டு, நீங்கள் முகம் சுளித்தால் இறங்கிவரும் சரக்கு இல்லை இது. யசோதா சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் வைக்கிறேன். நம்பிக்கை இல்லாதவர்கள் அடுத்த கடை பார்க்கலாம், கோபமில்லை.

2001, மே மாதம். யசோதாவின் அப்பாவுக்குச் சிக்பேட்டையில் ஜவுளிக்கடை. கடை மெத்தையில் உட்கார்ந்து வளர்ந்தவள் அவள். பேசி மடக்க முடியாத ஆளைப் பார்த்ததில்லை. ஆனால் ரியல் அனாலிசிஸ் என்ற கணக்குப் பேப்பரிடம் எந்தப் பேச்சும் எடுபடவில்லை. பி.எஸ்ஸி. முடிக்க அது ஒன்றுதான் பாக்கி. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை தயாராக இருந்தது. ஜூலை பதினாறாம் தேதி தேறிய மார்க் ஷீட்டோடு போய் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆள். ஒரே வழி, கல்லூரியின் கோடை வகுப்பு. ஆறு வாரம், தினமும் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை. பிறகு பரீட்சை.

அதிலும் ஒரு முட்டுக்கட்டை. பத்துப் பேர் சேர்ந்தால்தான் வகுப்பு. சேர்ந்தது ஒன்பது.

“ஆகல்லம்மா. ரூல்ஸ் அப்படி” என்றார் ஆபீஸ் கிளார்க் சின்னப்பா.

“ஒம்பது பேர் வாசல்ல நிக்கறோம். பத்தாவது ஆள் வரலைன்னு ஷட்டரை இழுத்துடுவீங்களாண்ணா?”

“நான் என்னம்மா பண்றது?”

அவர் மேசையில் பழைய விண்ணப்பங்கள் ஒரு கட்டு. யசோதா கேட்காமலே புரட்டினாள். ஒன்றை உருவினாள்.

“இதோ, டோரதி. இதே பேப்பர் பாக்கி. இவளைச் சேர்த்துக்குங்க. பத்தாச்சு.”

“அந்தப் பொண்ணு வராதும்மா.”

“வரவைக்கிறது என் பொறுப்பு.”

சின்னப்பா அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு எழுதினார். டோரதியின் முழுப் பெயர், பதிவெண், விலாசம். விண்ணப்பத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் மனப்பாடம்.

வராதவருக்கு வந்தவர் குரல் கொடுப்பதற்குக் கல்லூரியில் ப்ராக்ஸி என்று பெயர். லெக்சரர் சீனிவாசராகவன் பெயர் கூப்பிடும்போது பதிவேட்டிலிருந்து தலை தூக்கவே மாட்டார். ஒன்பதாம் நம்பர் யசோதா, பத்தாம் நம்பர் டோரதி. கடைசி பெஞ்சில் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, ஒன்பதுக்குத் தன் குரலில் ஒரு ‘யெஸ் சார்’ சொல்வாள். பத்துக்கு மூக்கை இறுக்கிக் கீச்சுக் குரலில் இன்னொன்று. ஒரு வாரம் சிக்கலில்லாமல் ஓடியது.

மே 14, திங்கட்கிழமை. மணி 2.05.

“நம்பர் டென்.”

யசோதா மூக்கை இறுக்கினாள். வாய் திறப்பதற்குள்…

“யெஸ் சார்.”

அதே கீச்சுக் குரல். அவளாக இட்டுக்கட்டிய குரல். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பின்னால் சுவர்தான் இருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள் என்று எரிச்சல் வந்தது. மறுநாள் முதல் பெஞ்சுக்கு மாறினாள். மறுநாளும் குரல் முதுகுக்குப் பின்னாலிருந்தே வந்தது. அதே நெருக்கம். பின் பெஞ்சு காலி.

சொல்லிவிடலாமா? சொன்னால் கணக்கு ஒன்பது. வகுப்பு மூடும். வேலை போகும். ‘குரல் மாத்துற வேலை மிச்சம்’ என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

மே 23. மணி 2.40. கரண்ட் போய் மின்விசிறி நின்றது. சார் போர்டில் எழுதுவதை நிறுத்தியிருந்தார். ஒருவர் கையும் நோட்டில் இல்லை.

சர்… சர்… சர்…

பேனா ஓடும் சத்தம். அவள் தோளுக்கருகே.

ஜூன் 4. வகுப்புத் தேர்வுத் தாள்களைச் சார் திருப்பிக் கொடுத்தார். “டோரதி. குட்” என்று காலி பெஞ்சுப் பக்கம் ஒரு தாளை நீட்டினார்.

கை திரும்பியபோது தாள் இல்லை.

அன்று யசோதாவின் தாள் வரவில்லை. “சார், என் பேப்பர்?” என்றாள். அவர் நிமிரவில்லை. இன்னும் உரக்கக் கேட்டாள். அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

ஜூன் 18. மணி 11.20. ஹால் டிக்கெட் நாள். யசோதாவுக்கு ஹால் டிக்கெட் இல்லை.

“அட்டெண்டன்ஸ் இல்லையேம்மா” என்று சின்னப்பா பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். மே 14-லிருந்து ஒன்பதாம் நம்பருக்கு நேராக வரிசையாக ‘A’… ‘A’… ‘A’. பத்தாம் நம்பருக்கு ஒரு நாள்கூடத் தவறவில்லை.

“தினம் வந்தேன்! ஒரு நாள் லீவு போடலை! கேட்டுப் பாருங்க!”

கூடப் படித்த சிந்துவை இழுத்துவந்து நிறுத்தினாள். சிந்து திருதிருவென விழித்தாள்.

“நீதான் நடுவுல நின்னுட்டியேடி. உன் இடத்துல அந்த ஒல்லிப் பொண்ணு உக்காந்துட்டிருந்தா… டோரதி.”

யசோதா விண்ணப்பத்திலிருந்த விலாசத்தைக் குறித்துக்கொண்டாள். அழுகையைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. எவளாக இருந்தாலும் சட்டையைப் பிடித்துக் கேட்டுவிடுவது என்று கிளம்பினாள்.

தொம்மலூரில் ஒரு சந்து. மணி 12.45. கதவைத் திறந்தவர் அன்னம்மாள், டோரதியின் அம்மா. கோபப்படவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

“காலேஜ்லேருந்தாம்மா? உள்ள வா.”

சுவரில் மாலை போட்ட படம். ஒல்லிப் பெண். கீழே தேதி: 14.5.1996.

“பரீட்சைக்குப் போற வழியில, பஸ்ஸு…” என்றார் அன்னம்மாள். “ஆறு பேப்பர் எழுத வேண்டியிருந்துச்சு.”

மேசையில் டோரதி பெயரில் நான்கு மார்க் ஷீட். 1997… 98… 99… 2000. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பேப்பர். எல்லாம் பாஸ்.

மேலே ஒரு புது ஹால் டிக்கெட். அன்றைய தேதி முத்திரை. மை காயவில்லை.

“வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் அவ பேரைக் குடுத்துடறீங்க. அப்புறம் இதே மாதிரி வந்து நிக்கறீங்க. போன வருஷம் கிஷோர்னு ஒரு பையன். ரொம்ப அழுதான், பாவம்.”

யசோதா வாசல் பக்கம் ஓர் அடி பின்வாங்கினாள்.

அன்னம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உனக்கு இந்தப் பேப்பர் நின்னுபோச்சு. அவளுக்கும் இன்னும் ஒண்ணே ஒண்ணு நிக்குது. அடுத்த மே மாசம் ரெண்டு பேரும் சேர்ந்தே போயிட்டு வந்துடுங்கம்மா.”

“யெஸ்…” என்றது யசோதாவின் முதுகுக்குப் பின்னால்.