ரத்னா பேரில் ஒரு கோப்பை

பொன்னேரி மார்க்கெட்டில் அங்காளம்மாள் மீன் கூடையை இறக்கி வைத்தால், விலையைக் குறைத்துக் கேட்க யாருக்கும் வாய் வராது. கேட்டவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதை மற்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். செவுளைத் தூக்கிக் காட்டி, "கண்ணு கீதா இல்லியா உனக்கு? காத்தால வலையில துள்ளின மீனுய்யா இது!" என்று அவள் போடுகிற சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரனே நகர்ந்து உட்காருவான். அப்போதெல்லாம் அவளுடைய கோபம் வியாபாரத்துக்கான கோபம். மார்க்கெட்டில் ஏறும், படகில் திரும்பும்போது இறங்கிவிடும். இறங்காத கோபம் ஒன்று எழுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் வந்தது.

அவளுடைய ஊர் நடுமேட்டுக்குப்பம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி. நடுவில் கிடக்கிற மணல் திட்டில்தான் அத்தனை வீடுகளும். மீன் விற்கப் போகும் பெண்கள் விடிந்ததும் கூடைகளோடு ஏரியைப் படகில் கடந்து, அந்தக் கரையில் பொன்னேரி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். தினமும் தண்ணீர்மேல் போய் வருகிறவர்கள்தான். ஆனால் ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. பையன்களை நடக்கத் தெரிந்த உடனே ஏரியில் தூக்கிப் போடுவார்கள். பெண்பிள்ளை கொஞ்சம் வளர்ந்தாலே தண்ணீரில் இறங்கக் கூடாது. அது ஊர் வழக்கம். யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை, அங்காளம்மாளும்தான்.

அந்த ஐப்பசி நாளில் படகை ஓட்டியவன் வீரராகவன். பெண்கள் ஏழெட்டுப் பேர். அங்காளம்மாளின் தங்கை ரத்னா முதல்தடவையாகக் கூடை தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண். முகத்துவாரத்துப் பக்கம் வாய்க்கால் ஆழமாக ஓடும் இடத்தில் திடீரென்று வடக்கிலிருந்து காற்று அடித்தது. பெண்கள் பயந்து ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள். படகு கவிழ்ந்தது.

அங்காளம்மாள் கவிழ்ந்த படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில், கூட மீன் விற்க வரும் பூவம்மாளும் தொற்றிக்கொண்டாள். ரத்னா கொஞ்சம் தள்ளி இருந்தாள். கொஞ்சம்தான். எட்டினால் பிடிக்கலாம் போலிருந்தது. ஆனால் எட்டுவதற்குப் படகிலிருந்து கையை எடுக்கவேண்டும். "அக்கா" என்று ஒருதரம் கூப்பிட்டாள். அடுத்ததரம் கூப்பிட வாய் தண்ணீருக்கு மேலே வரவில்லை. வீரராகவன் கரைக்கு நீந்திப் போய், இன்னொரு படகையும் நாலைந்து ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தான். வந்ததால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கரையில் ரத்னாவையும், அவளோடு முழுகிப்போன குப்பம்மாளையும் கிடத்தியிருந்தபோது அவன் முகத்தில் காறித் துப்பினாள்.

"நீஞ்சத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன். அவளை உட்டுட்டு எங்கடா போன?"

அவன் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

ஊரில் ஒரு மன்றம் இருந்தது. 'கடற்கரை மீனவர் இளைஞர் நற்பணி மன்றம்' என்று போர்டு. செயலாளர் செங்கல்வராயன். அங்காளம்மாளின் தம்பி, ரத்னாவின் அண்ணன். பொன்னேரியில் பள்ளிக்கூடம் முடித்தவன். கீற்றுக் கொட்டகை, ரேடியோ, கேரம் போர்டு எல்லாம் அவன் ஓடியாடிச் சேர்த்தது. புயல் அடித்தால் மன்றத்துப் பையன்கள்தான் வீடு வீடாகக் கஞ்சி ஊற்றுவார்கள். சின்னப் பையன்களுக்குச் சாயங்காலப் பாடம், பெரிய பையன்களுக்கு நீச்சல் பந்தயம், படகுப் பந்தயம், கபடி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வருகின்றன, நம் பையன்கள் நாலு பேரையாவது உள்ளே தள்ளிவிடவேண்டும் என்பது அவனுடைய கனவு. அந்த ஊரில் அவனை மெச்சாதவர்கள் கிடையாது. அங்காளம்மாளும் மெச்சியவள்தான். "என் தம்பி" என்று மார்க்கெட்டில் சொல்லிக்கொள்வாள்.

தங்கை செத்ததில் செங்கல்வராயன் இரண்டு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒருநாள் அக்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றான். முகத்தில் கொஞ்சம் தெளிவு.

"அக்கா, காணும் பொங்கலுக்குக் கபடிப் போட்டி வைக்கிறோம். சுத்துப்பட்டுக் குப்பத்துலேர்ந்தெல்லாம் டீமு வருது. நம்ம ரத்னா பேர்ல கோப்பை. கும்மிடிப்பூண்டிலேர்ந்து இரும்புக் கம்பெனி மேனேஜரு வராரு. நீதான் கோப்பையை எடுத்துக் குடுக்கணும்."

அவள் வாளை மீனை அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இன்னாத்துக்கு?"

"அவ பேரு நிக்கணும்னுதான்."

"அவ கபடி ஆடினாளா?"

"வந்துடு அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவன் மனதார அழுதுதான் இதைச் செய்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

காணும் பொங்கலன்று ஏரிக்கரையில் மேடை போட்டிருந்தார்கள். தண்ணீரை ஒட்டினாற்போல் மேடை, குழாய் ஸ்பீக்கர், கலர்த் தோரணம். மேனேஜர் வேர்க்க விறுவிறுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊர்ப் பஞ்சாயத்தின் பெரியவர் அப்பாவு. மன்றத்துப் பையன்கள் எல்லாருக்கும் புது பனியன், நீல நிக்கர். மேனேஜர் பேசினார். உடம்பை வளர்க்கவேண்டும், ஒழுங்கு வேண்டும், கம்பெனிக்கு இப்படிப்பட்ட இளைஞர்கள்தான் தேவை என்றார். பையன்கள் கைதட்டினார்கள். பிறகு செங்கல்வராயன் மைக்கில், "மறைந்த எங்கள் அன்புத் தங்கை" என்று ஆரம்பித்து, பேச்சை அங்கேயே விட்டுவிட்டு, அக்காவைக் கூப்பிட்டான்.

அங்காளம்மாள் ஏறினாள். வெள்ளிபோல மினுக்கிய கோப்பையை அவள் கையில் கொடுத்தார்கள். அதில் 'ரத்னா' என்று வெட்டியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. தம்பி விரலை வைத்துக் காட்டினான். ஜெயித்த டீமின் தலைவன் கையை நீட்டிக்கொண்டு வந்தான்.

அவள் திரும்பி, கோப்பையை ஓங்கி ஏரிக்குள் வீசினாள்.

யாரும் மூச்சு விடுவதற்குள் மேடைப் பக்கத்திலிருந்து ஒருவன் குதித்தான். அவன் பின்னால் இன்னொருவன். அப்புறம் எத்தனை பேர் என்று கணக்கில்லை. நீல நிக்கர்கள் வரிசையாகத் தண்ணீரில் விழுந்து முங்கின. ஒருவன் கோப்பையை எடுத்துத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். கூட்டத்தில் இரண்டு பேர் தெரியாமல் கைதட்டிவிட்டார்கள்.

அங்காளம்மாள் மைக்கைப் பிடித்தாள். அவளுக்கு மைக் தேவையே இல்லை.

"பாத்தீங்களா? கோப்பைக்கு எத்தினி பேரு குதிக்கிறீங்க! முங்கி எடுக்கிறீங்க! என் தங்கச்சி முழுவும்போது அவளுக்கு நீஞ்சத் தெரியல. ஏன் தெரியல? நீங்க சொல்லிக் குடுக்கல. மன்றமாம் மன்றம்! ஆம்பளப் புள்ளைங்களுக்குப் பந்தயம் வெக்கிறீங்க. தினம் தண்ணியில போறவ யாரு? நாங்க! கூடை தூக்கிக்கினு ஏரியைத் தாண்டறவ யாரு? நாங்க! செத்தப்புறம் பேரை வெட்டி மினுக்குறீங்களே, உசிரோட இருந்தப்ப ஒருநாளு அவளைத் தண்ணியில எறக்கினீங்களாடா?"

அப்பாவு எழுந்தார். "ஏ பொண்ணு, பெரிய மனுசன் வந்துகீறாரு. எறங்கு கீழே."

"எறங்கத்தான் போறேன் நைனா. தண்ணியிலதான் எறங்கப் போறேன். உங்க ஊட்டுப் பொண்ணுங்களையும் எறக்கப் போறேன்."

மேனேஜர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பையன்களுக்கு வேலை கொடுப்பதைப் பற்றி அன்றைக்கு அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமலேயே ஜீப்பில் ஏறிப் போனார். செங்கல்வராயன் அக்காவைப் பார்த்த பார்வையில் அழுகை போய் வேறொன்று வந்திருந்தது.

"என் மானத்தை வாங்கிட்ட. நாலு வருச வேலை அக்கா. நாலு வருசம்!"

"என் தங்கச்சிக்குப் பதினேழு வருசம்டா" என்றாள் அவள்.

அதற்கப்புறம் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

கோபத்தில் சொல்லிவிடலாம். செய்வதற்கு நீச்சல் தெரிந்த ஆள் வேண்டுமே. மன்றத்துப் பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அங்காளம்மாளுக்கோ முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாலே அன்றைக்கு நடந்ததெல்லாம் கண்முன் வந்து நிற்கும். மூன்று நான்கு நாள் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த நாள் காலையில் போனபோது, வீரராகவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான்.

"நான் சொல்லிக் குடுக்கிறேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் எத்தனையோ ஆம்பளைகள் இருக்க, இவன்தானா வரவேண்டும்? திரும்பிப் போக இரண்டடி எடுத்து வைத்தாள். நின்றாள்.

"நீ சொல்லிக் குடுக்கிறதால உன்மேல கீற கோவம் போயிடும்னு நெனச்சிக்காத."

"நெனைக்கல."

"அப்போ சொல்லிக் குடு."

முதலில் வந்தது அவளும் பூவம்மாளும்தான். பூவம்மாள் தன் இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு வந்தாள். புடவையும் பாவாடையும் தண்ணீரில் காலைச் சுற்றிக்கொண்டன. நீந்துவதற்குப் பதில் மூட்டைபோல் மிதந்தார்கள். அங்காளம்மாள் நேராக மன்றக் கொட்டகைக்குப் போனாள். போட்டிக்கு வாங்கிய பனியன்களும் நிக்கர்களும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. மொத்தத்தையும் வாரிச் சுருட்டிக்கொண்டு வந்தாள். கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் வாயைப் பிளந்து பார்த்தார்களே தவிர, ஒருவனும் எழுந்து வரவில்லை.

பெண்பிள்ளைகள் பனியனும் நிக்கரும் போட்டுக்கொண்டு ஏரியில் கிடக்கிறார்கள் என்றதும் ஊர் கொதித்தது. பஞ்சாயத்துக் கூடியது. பெண்கள் பஞ்சாயத்துக்குப் போகும் வழக்கம் இல்லை. அவள் புருஷன் தேசப்பனை நிறுத்திக் கேட்டார்கள். தேசப்பன் வாயில்லாதவன். வலை, படகு, வீடு தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியாது.

"உன் பொண்டாட்டியை அடக்கு. இல்லேன்னா உன் படகு இந்தத் துறையிலேர்ந்து எறங்காது" என்றார் அப்பாவு.

தேசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு, "எறங்க வாணாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

அங்காளம்மாள் அவன்மேலும் பாய்ந்தாள். "இன்னாய்யா சொல்லிட்டு வந்த? சோத்துக்கு இன்னா பண்றது?"

"கும்மிடிப்பூண்டில கம்பெனி கட்றாங்களாம். மண்ணு சொமக்க ஆளு எடுக்கிறாங்க. நான் போறேன். நீ அதை நிறுத்தாத."

பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்தவன், ஒன்றரை வருஷம் விடிகாலையில் ஏரியைத் தாண்டி, பஸ் பிடித்து, ரயில் பிடித்துப் போய் மண் சுமந்தான். தோளில் மண் மூட்டை தேய்த்த இடம் புண்ணாகிக் காய்ந்து, திரும்பவும் புண்ணாகும். அதற்கு எண்ணெய் தடவும்போதெல்லாம் அவள் அப்பாவுவைத் திட்டுவாள், தம்பியைத் திட்டுவாள், தேசப்பனையும் திட்டுவாள். தேசப்பன் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான்.

நீச்சல் லேசில் வரவில்லை. வீரராகவன் பின்னந்தலையைத் தாங்கிப் பிடித்து, "உடம்பை உடு. கல்லு மாதிரி வெச்சிக்காத" என்பான். விடமாட்டாள். தண்ணீரை அடித்து அடித்து, குடித்து, இருமி, "சாவடிக்கப் பாக்கிறியா?" என்று கத்துவாள். பூவம்மாளின் பெண்கள் இருவரும் தவளைபோல் பழகிக்கொண்டார்கள். கடைசியாக அவளும் கற்றுக்கொண்டாள், அழகாக இல்லை. நாய் நீந்துகிற மாதிரி, கழுத்தை விறைத்துக்கொண்டு. முதல்தடவையாகக் கால் எட்டாத இடத்தைத் தாண்டி அக்கரை மணலில் ஏறியபோது மற்றவர்கள் சிரித்துக் கூவினார்கள். அவள் மணலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணை அறைந்து அறைந்து அழுதாள். இவ்வளவுதானே! இந்த ஒன்று தெரிந்திருந்தால் படகிலிருந்து கையை எடுத்து அவளைப் பிடித்திருப்பேனே! யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லாரையும் திட்டினாள். வீரராகவன் தள்ளி நின்றான். போய்த் தேற்றலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அது சரிதான்.

எழுபத்து மூன்றில் அப்பாவுவின் பேத்தி, வீட்டுக்குத் தெரியாமல், நிக்கர் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு தண்ணீரில் நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு தேசப்பன் படகை இறக்கியபோது யாரும் தடுக்கவில்லை. யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. பஞ்சாயத்து கூடி எதையும் மாற்றிச் சொல்லவும் இல்லை.

மன்றம் மட்டும் தானாக மாறவில்லை. அடுத்தடுத்துப் பையன்கள் கம்பெனி வேலைக்குப் போய்விட, கபடிக்கு ஆள் சேராமல் போயிற்று. வருஷங்கள் கழித்து ஒருநாள் செங்கல்வராயன் அக்கா வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை.

"மன்றத்து சார்பா பொம்பளப் புள்ளைங்களுக்கும் நீச்சல் வகுப்புன்னு எழுதி போர்டு வைக்கலாம்னு கீறோம். வருசத்துக்கு ஒரு பந்தயம்."

"வகுப்பு நடந்துக்கினுதான் கீது. போர்டு உனக்கு வேணும்னா வெச்சிக்கோ."

"ரத்னா பேர்ல வெக்கலாமா?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தலையில் நரை ஓடியிருந்தது. எத்தனை வருஷமாக இந்த முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டோம் என்று நினைத்தாள். இளகவில்லை. இளகுகிற மாதிரி இருந்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"குப்பம்மாள் பேரும் போடு. அவளும்தான் செத்தா. அவ தம்பி செயலாளரா இல்லன்றதுக்காக உட்டுட்டியா?"

அவன் தலையசைத்தான். போர்டில் இரண்டு பெயர்களும் வந்தன.

பரிசு கொடுக்கக் கூப்பிட்டால் அவள் போகமாட்டாள். வீரராகவனோடு தண்ணீரில் நிற்கும்போது தவிர வேறெங்கும் அவள் பேசியதில்லை. அவன் கல்யாணத்துக்கும் போகவில்லை. ஆனால் தினமும் காலையில் மீன் கூடையைத் தூக்குவதற்கு முன்னால் ஏரிக்கரைக்கு வந்துவிடுவாள். யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று ஒரு பார்வை. ஆள் குறைந்தால் விடுவிடுவென்று தெருவுக்குள் போய்க் கதவைத் தட்டுவாள்.

அப்படித்தான் ஒருநாள் லட்சுமியம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"எங்கடி உன் பொண்ணு?"

"பெரிய மனுசி ஆயிட்டா அக்கா. இனிமே தண்ணிக்கெல்லாம் அனுப்ப மாட்டோம். அவங்கப்பா வாணாம்னுட்டாரு."

"அவங்கப்பனைக் கூப்பிடு."

"படுத்துக்கினு கீறாரு."

அங்காளம்மாள் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பாயில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

"யோவ், உன் பொண்ணு பெரிய மனுசி ஆனது ஏரிக்குத் தெரியுமாய்யா? படகு கவுந்தா அது கேட்டுட்டா முழுவடிக்கும்? தீட்டுக் கழிஞ்சதும் காத்தால அவ தண்ணியில நிக்கணும். இல்ல, நான் மறுபடியும் வருவேன். தினமும் வருவேன்."

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். பெண்டாட்டி பெண்ணைப் பார்த்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த பெண், தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள்.

அங்காளம்மாள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அதற்கும் ஒருதரம் திட்டினாள்.