சார்ஜ் களவெடுத்த ட்ரைவர்

மணவறை ஏத்துற தொழிலிலை மாப்பிள்ளை பிந்தலாம், பொம்பிளை பிந்தலாம், ஐயர்கூடப் பிந்தலாம். மணவறை பிந்தினால் ட்ரைவர் செத்தான்.

ஆரின்ரையோ வாகனத்தை ஓடி, ஆரின்ரையோ பிழைக்குப் பேச்சு வாங்கிற என்ரை இனசனமே, இது உங்களுக்குத்தான். நான் ரொறன்ரோவிலை, அஜின்கோர்ட்டிலை இருக்கிற ஒரு மணவறைக் கடைக்கு ட்ரைவராய் இருந்தனான். தூண், குடை, யானை முகம், மாப்பிள்ளை பொம்பிளைக் கதிரை எல்லாத்தையும் ட்ரெயிலரிலை ஏத்தி, மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பூட்டிக் குடுத்து, தாலி கட்டி முடிய கழட்டிக்கொண்டு வாறதுதான் வேலை. முதலாளி குணம் அண்ணை. பழைய பெற்றோல் வான் இருந்த காலத்திலை ஒரு கலியாணத்துக்கும் நாங்கள் பிந்தினதில்லை. பேந்து அவர் கரண்டிலை ஓடுற பிக்கப் ட்ரக் ஒண்டு வாங்கினார். அண்டைக்குத்தான் எனக்குச் சனி பிடிச்சது.

திரையிலை கண்ட தூரம்

புது ட்ரக்கை நேரே றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிட்டைக் கொண்டு போனம். நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைச்சு, தேங்காய் உடைச்சு, ஐயர் முன் கண்ணாடியிலை சந்தனமும் பூசிவிட்டார். குணம் அண்ணை சந்தனத்தைப் பாக்கேல்லை. உள்ளுக்கை திரையிலை நிண்ட இலக்கத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டார். முழுச் சார்ஜிலை ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேலை ஓடும் எண்டு அது காட்டினது. அதைப் படம் எடுத்துச் சொந்தக்காரருக்கும் போட்டிக் கடைக்காரருக்கும் அனுப்பினார்.

"அண்ணை, உது வெறும் ட்ரக்குக்குத்தானே. ட்ரெயிலர் கொழுவினால் எவ்வளவு ஓடும் எண்டு கேட்டனீங்களோ?" எண்டு கேட்டன். இழுக்கும் எண்டு வித்தவன் சொன்னவனாம். இழுக்கும்தான், ஆர் இல்லையெண்டது? எவ்வளவு தூரத்துக்கு இழுக்கும் எண்டு அவனும் சொல்லேல்லை, இவரும் கேக்கேல்லை. அவர் என்ரை தோளிலை தட்டிச் சொன்னார்: "இனி ஒட்டாவா போய்ச் சேரு மட்டும் நிப்பாட்டத் தேவையில்லை தம்பி, உனக்கு மூத்திரம் வந்தாத்தான்."

லண்டன் கலியாணம்

இங்கிலாந்து லண்டன் இல்லை, இரண்டு மணித்தியால ஓட்டத்திலை கிடக்கிற எங்கட லண்டன். தை மாசம். ஹைவேயிலை ஏறி நூறைத் தாண்டினதுதான் தாமதம், திரையிலை இருந்த இலக்கம் உருகத் தொடங்கிச்சுது. ட்ரெயிலர் ஒரு அறை அளவு உயரம். மேற்காலை அடிக்கிற காத்து முழுக்க அதிலை மோதுது. நான் ஒரு கிலோமீற்றர் ஓட, திரை இரண்டைக் கழிக்குது. குளிருக்குள்ளை பற்றரியும் சோம்பல் பட்டுக்கொண்டு கிடக்கு. ட்ரக் வித்தவன் இதிலை ஒண்டையாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வித்திருக்கமாட்டான், அது வேறை கதை.

என்ன செய்யிறது? ஹீற்றரை நிப்பாட்டினன். தொப்பி, கையுறை, கழுத்துச்சால்வை எல்லாத்தையும் போட்டுக்கொண்டு, மெல்ல ஓடுறவையின்ரை வலப்பக்க லேனிலை தொண்ணூறிலை உருட்டினன். பார லொறிக்காரர் எல்லாம் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு முந்திப் போறாங்கள். என்ரை மூச்சு கண்ணாடியிலை ஐஸாய்ப் படியுது, அதை ஒரு கையாலை சுரண்டிச் சுரண்டி ஓடினன். மண்டபத்திலை போய் இறங்கேக்கை முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது, ஆனால் பல்லுக் கிடுகிடெண்டு அடிக்குது. தூணைத் தூக்கப் போனன். பொம்பிளையின்ரை பெரியம்மா ஓடிவந்து மறிச்சா. "தம்பி, காய்ச்சலோடை ஏன் வந்தனீர்? மணவறையைத் தொடாமல் அங்காலை நில்லும், பிள்ளைக்குத் தொத்தப்போகுது."

விடியக் குறைஞ்ச சார்ஜ்

கிழக்குப் பக்கக் கலியாணமெண்டால் முதல் நாள் பின்னேரமே ட்ரக்கை விட்பிக்கு, என்ரை வீட்டுக்குக் கொண்டு போறனான். அப்பிடி ஒரு நாள் வாசலிலை விட்டிட்டுப் படுத்தன். நல்ல குளிர். காலமை அந்தப் பக்கம் ஒரு அலுவலாய் வந்த குணம் அண்ணை ட்ரக்கிலை ஏறினார், திரையைப் பாத்தார், முகம் மாறிச்சுது. கடையை விட்டு வெளிக்கிடேக்கை நிண்ட இலக்கத்தை அவர் மனசிலை வைச்சிருக்கிறார். விட்பி மட்டும் வந்ததைக் கழிச்சாலும் கணக்கு இடிக்குது. குளிருக்கு நிண்ட இடத்திலையே சார்ஜ் இறங்கும் எண்டு சொன்னன். மனுசன் நம்பேல்லை.

அவர் இந்த நாட்டுக்கு வந்த புதுசிலை டெலிவரி வான் ஓடினவர். முதலாளிக்கு ஒளிச்சு, கைக்காசுக்கு வீடு மாத்திற ஹயர் ஓடின ட்ரைவர்மாரைக் கண்டவர். அந்தச் சந்தேகப் புத்தி அவருக்கு இன்னும் போகேல்லை. "நிண்ட வாகனத்திலை என்னெண்டு தம்பி குறையும்? ஆரின்ரை சாமான் ஏத்தினனீ?" எண்டு கேட்டார். வெள்ளிக் குத்துவிளக்கும் நகைப்பெட்டியும் கிடக்கிற கலியாண வீட்டு அறைகளுக்குள்ளை எத்தினை வருசம் போய்வந்தவன் நான். ஒரு ஊசியைத் தொட்டிருப்பனோ? "அண்ணை, ஓடின தூரத்துக்கு வேறை மீற்றர் இருக்கு, அதைப் பாருங்கோ, வாசலிலை விட்டதிலையிருந்து அசையேல்லை" எண்டன். ஓடப்போற தூரத்தைச் சொல்லுற திரையைச் சத்தியமாய் நம்புற மனுசன், ஓடின தூரத்தைச் சொல்லுற மீற்றரை எட்டியும் பாக்கேல்லை. "மீற்றரைத் திருப்பிற ஆக்களையும் நான் கண்டனான் தம்பி."

மரக்கறிக் கடையிலை

என்னோடை சொன்னதோடை நிண்டிருந்தால் பறவாயில்லை. கடைக்கு வாறவை போறவை எல்லாரிட்டையும் சொல்லியிருக்கிறார். ட்ரைவர் ராத்திரியிலை கள்ள ஹயர் ஓடுறானாம், சார்ஜைத் திண்டு முடிக்கிறானாம். எங்கட சனத்துக்கு வாய்க்கு அவல் கிடைச்சமாதிரி. கதை அஜின்கோர்ட்டைச் சுத்தி, அங்கை மரக்கறி வாங்கப் போன என்ரை மனுசி சுகந்தியின்ரை காதிலை விழுந்துது.

வீட்டை வந்து முருங்கைக்காயை மேசையிலை போட்டிட்டு அழுதா. கேக்கக் கேக்கத்தான் சொன்னா. அவ என்னை நம்புறா, அது பிரச்சினை இல்லை. ஆனால் இனி அந்த மரக்கறிக் கடை வாசலை மிதிக்கமாட்டாவாம். வேலை போனால் இன்னொண்டு தேடலாம், இந்த ஊரிலை கள்ளன் எண்டு பேர் எடுத்தால் அதை எங்கை கொண்டு போய்க் கழுவிறது? சுகந்தியை அழப்பண்ணினது கடையிலை நிண்ட ஒரு அன்ரி. ஏசியிருந்தாலும் ஆறியிருப்பன். அவ சிரிச்சுக்கொண்டு கேட்டாவாம்: "உங்கட அவர் ராத்திரியிலை ஹயர் ஓடுறாராமே, எங்கட மகளும் வீடு மாறுறா, ஒருக்கால் சொல்லிவிடுங்கோவன்."

பக்கத்து சீற்றிலை முதலாளி

அடுத்த நாளே போய்க் கேட்டன். "ஒட்டாவாக் கலியாணத்துக்கு நீங்களும் வாங்கோ. பக்கத்திலை இருந்து உங்கட கண்ணாலை பாருங்கோ. நான் கள்ளனில்லையெண்டால், சொன்ன ஆக்களிட்டைத் திருப்பிச் சொல்லுங்கோ." ஓம் எண்டார். ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு, அவரின்ரை கையாலையே வயரைக் கழட்டிப்போட்டு, இருட்டோடை வெளிக்கிட்டம். முகூர்த்தம் மத்தியானம்.

வழியிலை முதல் வாற பெல்வில்லிலை சார்ஜ் போடுவம் எண்டன். "கிங்ஸ்ரன் போற மட்டும் சார்ஜ் காணும் எண்டு திரை சொல்லுது, நீ காலைப் பாரமாய் மிதியாதை" எண்டார். பெல்வில் தாண்டினதும் எதிர்க்காத்து. திரை சொன்ன சொல்லை ஒவ்வொரு பாலத்திலையும் மாத்திக்கொண்டு வந்தது. அவர் தானாய்க் கை நீட்டி ஹீற்றரை நிப்பாட்டினார். சால்வையைத் தலையிலை சுத்தினார். கிங்ஸ்ரன் சார்ஜரடிக்கு ஒரு மாதிரித் தவண்டு போய்ச் சேந்தம். அங்கை பாத்தால் கார் விடுற அளவு இடம். ட்ரெயிலரோடை உள்ளுக்கை போகேலாது. பனிக்குள்ளை முழங்காலிலை நிண்டு ட்ரெயிலரைக் கழட்டி ஓரமாய் விட்டம். சார்ஜ் ஏறி முடிய மட்டும் பொம்பிளையின்ரை தகப்பன் போன் அடிச்சபடி. குணம் அண்ணை எடுக்கேல்லை. குளிருக்கை நடுங்கிக்கொண்டு என்னைப் பாத்துச் சொன்னார்: "நான் கூட வந்தபடியால்தான் இவ்வளவு தூரமாவது ஓடினது."

கூரையில்லாத மணவறை

நாங்கள் போகேக்கை மாப்பிள்ளை தலைப்பாகையோடை மண்டபத்துச் சாதாரணக் கதிரையிலை இருக்கிறார். ஐயர் இருக்கிற மந்திரத்தையெல்லாம் இழுத்து இழுத்துச் சொல்லுறார். எங்களைக் கண்டதும் மந்திரத்துக்கு நடுவிலை, "தூணை மட்டும் நட்டுவிடுங்கோ, கூரையைப் பேந்து பாப்பம்" எண்டார். நாலு தூணையும் நட்டம். குடையும் இல்லை, யானையும் இல்லை, பந்தல் வேலை நடக்கிற இடம் மாதிரிக் கிடந்த மணவறையிலை அந்தப் பிள்ளை வந்து இருந்துது. முகத்தைப் பாக்க ஏலாமல் நான் பின்னுக்குப் போய் நிண்டன். கெட்டிமேளம் கேட்டது, முகூர்த்தம் பிந்தாமல் தப்பிச்சுது.

தாலி கட்டி முடிய, தகப்பன் எங்களிட்டை வந்தார். கத்தேல்லை. ஏன் இப்பிடி நடந்தது எண்டு மெல்லமாய்க் கேட்டார். நான் குணம் அண்ணையைப் பாத்தன். திரை சொன்ன தூரத்துக்கு ட்ரக் ஓடேல்லை எண்டு ஒரு வசனம், அவ்வளவுதான் அவர் சொல்லவேண்டிக் கிடந்தது. எல்லாத்தையும் பக்கத்திலை இருந்து கண்டவர். அவர் என்னைப் பாக்காமல், "ட்ரைவர் ராத்திரி சார்ஜ் போட மறந்திட்டான்" எண்டார். தன்ரை கையாலை வயரைக் கழட்டின மனுசன், ஐயோ. தகப்பன் என்னை மேலும் கீழும் பாத்திட்டு அவரிட்டைக் கேட்டார்: "இப்பிடியானவனிட்டை ஏன் அண்ணை வாகனத்தின்ரை திறப்பைக் குடுத்து வைச்சிருக்கிறீங்கள்?"

கிங்ஸ்ரனிலையிருந்து வந்த போன்

திறப்பை அந்த இடத்திலையே குணம் அண்ணையின்ரை கையிலை வைச்சன். "நீங்களே ஓடிக்கொண்டு வாங்கோ" எண்டு சொல்லிப்போட்டு, பஸ் எடுத்து வீட்டை வந்திட்டன். அடுத்த நாள் காலமை புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன், போன் வருது. சுகந்திக்கும் கேக்கட்டும் எண்டு ஸ்பீக்கரிலை போட்டன். மனுசன் தனியாய் மணவறையை இழுத்துக்கொண்டு கிங்ஸ்ரனிலை வந்து படுத்திருக்கிறார். குரல் அடைச்சுப்போச்சு. "தம்பி, உந்தத் திரை பொய்யடா. மோட்டல் வாசலிலை நிண்ட நிலையிலையே சார்ஜ் இறங்கிக் கிடக்கு. நான் ஒரு இடமும் போகேல்லை. நீயும் ஒண்டும் எடுக்கேல்லை எண்டு இப்ப விளங்குது." இந்த ட்ரக்கை வித்திட்டுப் பழையபடி பெற்றோல் வான் ஒண்டு எடுக்கப்போறாராம், என்னைத் திரும்ப வரட்டாம்.

சுகந்தி என்ரை முகத்தைப் பாத்தா. எனக்கு வேலையும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். "அண்ணை, இப்ப எனக்குச் சொன்னதை அஜின்கோர்ட்டிலை, நீங்கள் கள்ளனெண்டு சொன்ன அதே ஆக்களுக்குச் சொல்லுங்கோ. ட்ரக் அவ்வளவு தூரம் ஓடாது, என்ரை ட்ரைவர் களவெடுக்கேல்லை. அது காணும்" எண்டன். அங்காலையிருந்து கேட்டார்: "அதை ஆக்களுக்கு முன்னாலை எப்பிடித் தம்பி சொல்லுறது? பிறகு என்ரை ட்ரக்கை ஆர் வாங்குவினம்?"

ட்ரக் இப்ப கடை வாசலிலை விலைக்கு நிக்குது, முழுச் சார்ஜிலை ஐந்நூறுக்கு மேலை ஓடும் எண்டு அதுக்கு ஊரெல்லாம் நல்ல பேர், கள்ளன் எண்டு எனக்குத்தான் பேர்.