சத்தம் கேட்கிற தூரம்

ஏலக்காய் வாசனை மூக்கில் பட்டாலே எனக்கு லாங் ஐலண்ட் ஞாபகம் வந்துவிடும். பாயச ஞாபகம் இல்லை நண்பர்களே... என் மகள் மல்லி என் முகத்தில் துப்பிய பாலின் ஞாபகம்.

அறுபதுகளின் கடைசி. போர்ட் பிளேரிலிருந்து போட்டில் போய்ச் சேர வேண்டிய சின்னத் தீவு அது. நான் அங்கே மர டிப்போவில் கிளார்க். ஆபீஸ், போட் வந்து நிற்கும் ஜெட்டி, தகரக் கூரை போட்ட குவார்ட்டர்ஸ், சுற்றிலும் கடல். அவ்வளவுதான் ஊர். மல்லிக்கு ஒன்றேகால் வயது. சோறு தின்பாள், மீன் தின்பாள், அசந்தால் மண்ணையும் தின்பாள். ஆனால் பால் என்றால் தாய்ப்பால்தான். பசும்பாலைக் காட்டினால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள்.

அந்தச் சமயம் பார்த்து என் மனைவி சரோஜாவுக்கு வயிற்றில் கட்டி என்றார் டாக்டர். போர்ட் பிளேர் போய் ஆபரேஷன் செய்தாக வேண்டும். குழந்தையை வார்டில் வைத்துக்கொள்ள முடியாது. அடுத்த போட்டுக்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் மல்லி பசும்பாலுக்குப் பழகியாக வேண்டும். பழகாவிட்டால் போட்டில் ஏற மாட்டேன் என்று சரோஜா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

மெயின்லேண்டில் என்றால் தாய் நாலு நாள் கண்ணில் படாமல் இருப்பாள், பிள்ளையை அத்தையோ சித்தியோ பார்த்துக்கொள்வார்கள். எங்கள் அத்தை சித்தியெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம்.

கடைசியில் நாலு வீடு தள்ளியிருந்த பெங்காலி தீதியின் வீடுதான் சரோஜாவுக்குத் தாய்வீடு ஆனது. தீதியிடம் லோக்கி என்று ஒரு செவலைப் பசு இருந்தது. பால் அவள் தருவாள். பகல் முழுக்க சரோஜா அவள் வீட்டில் இருக்க வேண்டும். மல்லி தூங்கிய பிறகுதான் திரும்பி வரலாம். நான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் பிள்ளையோடு மல்லுக்கட்ட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

முதல் நாள் பாலைச் சுண்டக் காய்ச்சினேன். நாலு ஸ்பூன் சர்க்கரை, தட்டிப் போட்ட ஏலக்காய். காப்பி மாதிரி ஆற்றி, நுரை ததும்ப டம்ளரில் கொடுத்தேன். ஒரு வாய்... புர்ர்ர் என்று என் கண்ணிலேயே துப்பினாள். மறுநாள் இன்னும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. மூன்றாம் நாள் பனங்கற்கண்டு. அவள் அழுத அழுகை ஜெட்டி வரைக்கும் கேட்டிருக்கும்.

நாலாம் நாள் பால் கொண்டுவந்த தீதி, என் டம்ளரை வாங்கி ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏ பாபு! மா கே தூத் மே இலாய்ச்சி ஹோதா ஹை க்யா?"

தாய்ப்பாலில் ஏலக்காய் இருக்குமா என்கிறாள்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாளாக நான் சம்பந்திக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கே தீதி வழி சொன்னாள். சரோஜா தன் பாலைக் கிண்ணத்தில் பிழிந்து கொடுத்தனுப்புவாள். அதில் முக்கால் பங்கு, காய்ச்சி ஆறவைத்த லோக்கியின் பால் கால் பங்கு. வெதுவெதுப்பு போதும். சர்க்கரை கூடவே கூடாது. தினமும் லோக்கியின் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

பின்வாசல் படியில் மல்லியை மடியில் வைத்துக்கொண்டு, கோழி காட்டி, கொக்கு காட்டிக் கொடுத்தேன். ஒரு வாய் வாங்கினாள். புருவத்தைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் துடைக்கத் துண்டை எடுத்தேன்... விழுங்கிவிட்டாள்!

ஒன்பதாம் நாள் டம்ளரில் முழுக்க முழுக்க லோக்கியின் பால். கடகடவென்று குடித்துவிட்டுக் காலி டம்ளரை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அன்றைக்கு சரோஜா திரும்பி வந்ததும், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி ஓடினேன்.

"சரோ, முழுசாக் குடிச்சிட்டா! உன் பால் ஒரு சொட்டு கலக்கல!"

"அப்படியா... நல்லதுங்க" என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சேலையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

மறுநாள் போட் ஏறினாள். பதினெட்டு நாள் கழித்து நல்லபடியாகத் திரும்பி வந்தாள். மல்லி அவளைக் கட்டிக்கொண்டாள், கழுத்து மணியைப் பிடித்து இழுத்தாள். பால் மட்டும் கேட்கவில்லை.

இப்போது நாங்கள் போர்ட் பிளேரில், ஷாதிபூரில் இருக்கிறோம். பால் பாக்கெட்டில் வருகிறது. போன வாரம் சென்னையிலிருந்து மல்லி வீடியோ கால் செய்தாள். அவள் மகள் அடுத்த மாதம் ஆபீஸுக்குத் திரும்ப வேண்டுமாம், பேரன் பசும்பாலைத் தொட மாட்டேன் என்கிறானாம். ஆறு வகை கப் வாங்கியாயிற்று, போனில் சார்ட் போட்டாயிற்று. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு என் பழைய சாதனையை ஆரம்பிப்பதற்குள், சரோஜா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உன் பொண்ணை அவன் கண்ணுல படாம இருக்கச் சொல்லு. ஆனா ரொம்ப தூரம் போக வேண்டாம். புள்ள சத்தம் கேக்குற தூரத்துல இருக்கட்டும்."

"நீ தீதி வீட்டுலதானேம்மா இருந்த?"

"யாரு சொன்னா? கிண்ணத்தைக் கொடுத்தனுப்பிட்டு, பின்னாலயே நானும் வந்துடுவேன். நம்ம பின்வாசல்ல விறகு அடுக்கியிருக்கும்ல... அது பின்னாடிதான்டி நிப்பேன். நீ அந்த ஒன்பதாம் நாள் குடிச்சதைப் பாத்துட்டுதான் போட் ஏறினேன்."

நான் உட்கார்ந்திருந்த படிக்கும் அந்த விறகு அடுக்குக்கும் நடுவே பத்தடி கூட இருக்காது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக, தனியாளாகப் பிள்ளையைப் பழக்கினேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

போனை வைத்ததும் கேட்டேன். "ஏன் சரோ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா, புள்ள அழுறப்ப நீங்க கூப்பிட்டிருப்பீங்க" என்றாள். "நானும் ஓடி வந்திருப்பேன்."